கல்யாணக் குதிரையில் வயல் பார்க்கப் போனவர்

சென்ற வாரம் உளுந்து பிடுங்கிய கதையைப் பாதியில் விட்டிருந்தேன். உளுந்து எங்கேயும் ஓடிவிடாது, கிடக்கட்டும். இன்றைக்குக் குதிரையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

உடையார்கட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. கார்த்திகை மழைக்கு நிரம்பி, கரைப்புல்லெல்லாம் தண்ணீருக்குள் நின்றது. ஒரு பின்னேரம், நான் கரையில் குந்தியிருந்து கன்றுக்குப் புல்லறுத்துக்கொண்டிருக்கிறேன். என் தம்பி தயாளன் தன்னுடைய வெள்ளைக் குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வருகிறான். குதிரைக்கு மேலே என் வீட்டுக்காரர். தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற். இடுப்பைச் சுற்றி, கைலிபோல உடுக்கிற ஒரு நீலச் சாரம், சேணத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கிறது.

குதிரை தண்ணீர் குடிக்கப் போகிறது என்றுதான் நினைத்தோம். முன்னங்கால் இரண்டையும் தண்ணீருக்குள் வைத்தது. குனிந்து மணந்து பார்த்தது. பிறகு ஒரு காலால் தண்ணீரைச் சளார் சளார் என்று அடிக்கத் தொடங்கியது.

"இஞ்சை பார் மல்லிகா, உன்ரை தம்பியின்ரை குதிரை தண்ணி இறைக்குது!" என்று இவர் மேலேயிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். மூன்று மடையர்களும் நன்றாகச் சிரித்தோம்.

குதிரை முன்னங்காலை மடக்கியது.

"அத்தான், குதியுங்கோ! படுக்கப் போகுது!" என்று தம்பி கத்தினான்.

எப்படிக் குதிப்பார்? கட்டியல்லவா வைத்திருந்தோம்!

வயலைக் காணாத வயல்காரர்

ஏன் கட்டினோம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முதல், ஏன் ஏற்றினோம் என்று சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். போர் நடந்த எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தக் காலோடு அவர் மோட்டார் சைக்கிள் ஓடுவார், ஏணியில் ஏறி ஓடு மாற்றுவார், என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு படலை வரைக்கும் வேகமாக நடந்து போவார். ஒன்றே ஒன்றுதான் முடியாது. சேற்றில் நடக்க முடியாது. காலைத் தூக்கினால் பொய்க்கால் சேற்றோடு நின்றுவிடும், ஆள் முன்னால் விழுவார்.

எங்கள் வயலோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மாரிகாலப் பயிரான காலபோகத்தில் மழை பிடித்தால் அந்தப் பாதை முழுக்கச் சேறு. விதைப்புக்கு முதலும் காண்பார், அரிவு வெட்டியபின் தரை காய்ந்ததும் காண்பார். நடுவில் பயிர் பச்சையாக நிற்கிற அத்தனை நாளும் அவருக்கு வயல் இல்லை.

ஒரு முறை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அது பாதி வழியில் புதைந்துவிட்டது. இரண்டு பேர் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒருவன் பகிடியாக "அரோகரா" என்று வேறு சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து இவர் அன்று சாப்பிடவில்லை. "இனி என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

அதனால் வயலைப் பார்ப்பது நான், கட்டளை போடுவது அவர். நான் வரம்பில் நின்று போனில் சொல்வேன், அவர் வீட்டில் கதிரையில் உட்கார்ந்து கேட்பார்.

"தண்ணி எவ்வளவு நிக்குது?"

"கணுக்கால் அளவு."

"ஆற்றை கணுக்கால்? உன்ரையோ, கொக்கின்ரையோ?"

வீடியோ எடுத்து அனுப்பினால், "எல்லாம் ஒரே பச்சையாக் கிடக்கு, உது எங்கடை வயலோ, ஆற்றையும் வயலோ?" என்பார். வயலுக்குப் போட்ட பசளை போதும் என்று நான் சொன்னால் அவர் போதாது என்பார். கண்ணால் காணாத மனிதரோடு வாதாடுவதைப்போல ஒரு வேதனை இந்த உலகத்தில் இல்லை. ஆனாலும் ஒரு நாள், கோபமில்லாத நேரத்தில், அவர் சொன்னார்:

"கதிர் வெளிக்கிடேக்கை வயல் ஒரு மணம் மணக்கும். அதை நீ போனிலை அனுப்ப ஏலாது, என்ன?"

நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

கமரா கண்டால் நிற்கும் ராணி

தம்பி தயாளன் புதுக்குடியிருப்பில் இருக்கிறான். அவனுக்குத் தொழில் கல்யாணக் குதிரை. இப்போது மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினால் வீடியோக்காரருக்குப் பிடிப்பதில்லை. பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் பிள்ளையைக் குதிரையில் ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். அதற்கென்று தம்பி வாங்கிய வயசுபோன வெள்ளைக் குதிரைதான் ராணி. குதிரை வாங்கியிருக்கிறேன் என்று அவன் சொன்ன அன்று, "கண்டறியாத குதிரை! ஒரு பால்மாட்டை வாங்கியிருந்தால் பாலாவது குடிச்சிருக்கலாம்" என்று நான் ஏசினேன்.

ராணிக்கு ஒரு பழக்கம். யாராவது கமராவையோ போனையோ முகத்துக்கு நேரே தூக்கினால், எங்கே போனாலும் அப்படியே நின்றுவிடும். கழுத்தைத் தூக்கி, காதை நிமிர்த்தி, படத்துக்கு நிற்கும். படம் எடுத்து முடியும்வரை அசையாது. இத்தனை கல்யாணம் கண்ட குதிரைக்கு வேறென்ன தெரியும்? மேளச் சத்தமோ சலங்கைச் சத்தமோ கேட்டால் மட்டும் கால் மாற்றிக் குதிக்கத் தொடங்கிவிடும்.

மழைக்காலத்தில் கல்யாணம் குறைவு. மேய்ச்சலுக்காக ராணியை எங்கள் காணியில் கொண்டுவந்து விட்டான். விட்ட முதல் நாளே அது வேலி விலத்திப் போய், பக்கத்து வயல் சேற்றுக்குள்ளால் ஏதோ கோயில் வீதியில் நடப்பதுபோல நடந்து திரும்பி வந்தது. இவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது.

"தயா," என்றார் மெதுவாக, "உது என்னைத் தாங்குமோ?"

தம்பிக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கியது. சந்தோசமோ பயமோ தெரியவில்லை.

இளவயதில் இவர் மாட்டுவண்டிச் சவாரிக்காரர். மாடுகள் பறக்க, வண்டியில் எழும்பி நின்றுகொண்டு ஓட்டியவர். அந்த ஆளைக் கிணற்றுக்கட்டில் நின்று ராணியின் முதுகில் ஏற்றினோம். ஏறியதும் முகம் வெளுத்துவிட்டது. வலது காலால் குதிரையின் விலாவை நெருக்க முடியவில்லை. குதிரை ஒரு அடி வைத்தால் ஆள் ஒரு பக்கம் சரிந்தார். பிடிக்க ஒன்றும் இல்லாமல் ராணியின் பிடரிமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "இறக்கு, இறக்கு, இறக்கு!" என்றார்.

அப்போதுதான் தம்பிக்கு அந்த அருமையான யோசனை வந்தது. மோட்டார் சைக்கிளில் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோகும்போது நாங்கள் என்ன செய்வோம்? நித்திரை தூங்கி விழாமல் சால்வையால் எங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டுவோம். வன்னியில் கட்டாத தகப்பன் உண்டா?

"அத்தானையும் அப்பிடிக் கட்டினால் சரி" என்றான். இவரும் தலையாட்டினார், நானும் தலையாட்டினேன். நீலச் சாரத்தை நானே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மறுபடியும் தண்ணீருக்குள்

குதிரை இடது பக்கமாகச் சரிந்தது. இவருடைய நல்ல கால் குதிரைக்குக் கீழே, சேற்றுக்குள் போய்விட்டது. தண்ணீர் இவருக்கு நெஞ்சளவு. ராணி கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டது. அதற்கு நல்ல சுகம்!

தம்பி முடிச்சை இழுத்தான். நனைந்த சாரத்து முடிச்சு அவிழுமா? கல்லாக இறுகியிருந்தது. "உருளப் போகுது அக்கா, உருளப் போகுது!" என்று அழுதேவிட்டான். படுத்த குதிரை முதுகைத் தேய்க்க உருளும். உருண்டால் இவர் அடியில்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கையில் புல்லறுத்த அரிவாள் அப்படியே இருந்தது. சாரத்துக்குள் அரிவாளைக் கொடுத்து ஒரே இழுவை. தம்பி இவரைக் கமக்கட்டில் பிடித்து இழுத்தான். சேறு இளகியிருந்ததால் கால் வழுக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் மூன்று பேரும் கரையில் விழவும் ராணி நாலு காலையும் வானத்துக்குத் தூக்கி உருளவும் சரியாக இருந்தது. சேணம் அடியில் நெரிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு அது எழும்பி, உடம்பை உதறி, எங்கள்மேல் தண்ணீரையும் சேற்றையும் தெளித்தது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். எங்கள் குதிரை குளிப்பாட்டியும் விட்டது.

இவர் சிரிக்கவில்லை. நல்ல காலை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார். விரலை ஆட்டிப் பார்த்தார்.

"இதுவும் போயிருந்தால்?" என்றார்.

அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. ஷெல்லுக்கும் பயப்படாத மனிதர் என்று பெயர் எடுத்தவர். அன்றிலிருந்து ராணி நின்ற பக்கம் கதிரையைப் போடவே இல்லை.

பிடிக்க வேணும், கட்டக் கூடாது

பயிர் குடலைக்கு வந்துவிட்டது. இனிக் கதிர் வெளிக்கிடும். நான் போனில் விபரம் சொன்னால், "ம்" என்று மட்டும் சொன்னார். சண்டைக்கு வரவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. சண்டை பிடிக்காத இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தம்பியைக் கூப்பிட்டு ஏசினேன். "டேய், உலகத்திலை பயந்த ஆக்கள் ஒருத்தரும் குதிரை ஏறுறேல்லையோ? அவையள் என்ன செய்யினம் எண்டு பாரடா!"

அவன் போனில் தேடித் தேடி ஒவ்வொன்றாகக் காட்டினான். வெளிநாட்டில் சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும் ஏறுகிறார்கள். ஒருவரையும் கட்டியிருக்கவில்லை! சேணத்தின் முன்பக்கம் ஒரு சின்னப் பட்டி. குதிரை துள்ளினால் அதைப் பிடிக்கிறார்கள், அடங்கினால் விடுகிறார்கள். இவ்வளவுதான். நான் போனைக் கொண்டுபோய் இவருடைய மூக்குக்கு முன்னால் நீட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு வாங்கிப் பார்த்தார். பிறகு திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பிடிச்சிருக்கிறவன் விடலாம்," என்றார் கடைசியில். "கட்டியிருக்கிறவன் விட ஏலாது. சவாரி வண்டியிலை நான் என்னைக் கட்டினனானோ? மூண்டு பேருக்கும் விசர்தான் பிடிச்சிருந்தது."

அந்த "விசர்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த சில நாள் எங்கள் விறாந்தை ஒரு தொழிற்சாலை. மாங்குளம் சந்திப் பக்கம் வாகனம் உடைத்து விற்கிற இடத்தில் தம்பி ஒரு பழைய வான் வண்டியின் சீற் பெல்ற் வாங்கி வந்தான். அதை மடித்துத் தைக்க என் மெசினில் ஊசி உடைந்தது, பிறகும் உடைந்தது. கடைசியில் சாக்கூசியால் கையால் தைத்தேன். சேணத்தின் முன்னால் இரண்டு வளையங்களிலும் கோத்து, இரண்டு கையும் நுழைகிற பிடி. தம்பி அதில் தொங்கிப் பார்த்தான். அறவில்லை.

சேணத்துப் பிடி எட்டாவிட்டால் பிடிக்க, ராணியின் கழுத்துக்கும் ஒரு பட்டி. அது இவருடைய சவாரி மாட்டின் கழுத்துப் பட்டி, பத்திரமாக வைத்திருந்தது. அதிலிருந்த சலங்கைகளை இவரே ஒவ்வொன்றாகக் கழற்றினார். சலங்கையோடு போட்டால் ராணி வயலில் கல்யாண ஆட்டம் ஆடிவிடும்.

சேணம் வழுக்கக் கூடாதென்று அவருடைய களிசானின் இருக்கைப் பக்கத்தில் சாக்குத்துண்டு வைத்துத் தைத்தேன். "உரப்பை மாதிரி இருக்கு" என்று முறைப்பட்டார். "நீங்கள் மட்டும் என்ன மாதிரி இருக்கிறியள்?" என்றேன்.

பெரிய பிரச்சினை கால் வைக்கிற வளையம். பொய்க்காலுக்கு உணர்வில்லை. வளையத்துக்குள் அது முழுக்கப் போய்விட்டாலும் அவருக்குத் தெரியாது, விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். பழைய ரப்பர் சப்பாத்தின் மூக்கை அறுத்து வளையத்தின் முன்னால் பொருத்தினோம். இனிப் பாதத்தின் முன்பாதிக்கு மேல் உள்ளே போகாது. வளையத்தின் வெளிப்பக்கக் கம்பியை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ரப்பர் வளையம் ஒன்றைக் கொளுவினோம். கால் சிக்கி இழுபட்டால் ரப்பர் கழன்று காலை விட்டுவிடும். தம்பி காணொளியில் பார்த்த யோசனை, ரியூப் எங்களுடையது.

முற்றத்தில் ஒத்திகை தொடங்கியது. இரண்டு கையாலும் சேணப் பட்டியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைக் குதிரையின் காதில் வைத்துக்கொண்டு இவர் வட்டம் சுற்றினார். தம்பி கயிற்றில் பிடித்து நடத்தினான். குளத்துப் பக்கம் மட்டும் ஒருவரும் போகவில்லை.

மயில்

கதிர் வெளிக்கிட்டது. பொங்கலுக்கு இன்னும் நாள் கிடந்தது. ஒரு காலைநேரம், வெயில் சுட முதல், நாங்கள் வாய்க்காலைக் கடந்தோம்.

முன்னால் தம்பி கயிற்றோடு, பின்னால் நான். ராணி சேற்றில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. ஒவ்வொரு அடிக்கும் இவர் ஒரு சத்தம் போட்டார். "சரி... சரி... ஐயோ... சரி..." பாதையில் நின்ற இரண்டு பேர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். ஒருவர், "என்ன அண்ணை, ரெண்டாம் கலியாணமோ?" என்று கேட்டார். இவர் பட்டியைப் பிடிப்பதிலேயே இருந்தார். நான் சொன்னேன், "ஓம், பொம்பிளை வயலுக்கை நிக்கிறா!"

பெரிய வரம்பில் ஏறினோம். பாதி தூரம் போயிருப்போம். திடீரென்று நெல்லுக்குள்ளிருந்து ஒரு மயில் படபடவென்று ராணியின் மூக்குக்கு முன்னால் எழும்பியது.

ராணி துள்ளியது. தம்பி வழுக்கிப் பக்கத்து வயலுக்குள் முகம் குப்புற விழுந்தான், கயிறு போய்விட்டது. குதிரை வரம்பில் ஓடத் தொடங்கியது. இவர் ஒரு பக்கம் சரிந்தார். டப் என்று ரப்பர் வளையம் தெறித்து வலது கால் வெளியே தொங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் கை பட்டியை விடவில்லை! சீற் பெல்ற் இழுபட்டது, என் தையல் தாங்கியது. பட்டியைப் பிடித்து இழுத்து அவர் தன்னைத் தானே நிமிர்த்தினார். நான் என் கண்ணால் கண்டேன்.

"ராணீ!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். குதிரை தலையைத் திருப்பியது. நான் போனை உயர்த்திப் பிடித்தேன்.

நின்றது! கழுத்தைத் தூக்கியது, காதை நிமிர்த்தியது. மேலே சாக்குக் களிசானோடு, ஹெல்மெற் கோணிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு என் மாப்பிள்ளை. அந்த அவசரத்தில் படத்தையும் அமத்திவிட்டேன். பாதிக் குதிரையும் முழு வானமும் விழுந்திருக்கிறது.

தம்பி எழும்பி வந்து கயிற்றைப் பிடித்தான். ஆளின் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. இவர் இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் இவர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை விரித்து மூச்சை உள்ளே இழுத்தார். ஒரு கையைப் பட்டியிலிருந்து எடுத்தார். பிறகு மற்றக் கையையும் எடுத்தார். இரண்டு கையாலும் நடு வயலைக் காட்டிக் கத்தினார்:

"அங்கை பார்! பண்டி படுத்து உழக்கியிருக்கு! நடுவிலை எங்கடை வீட்டு முத்தம் அளவுக்குப் படுத்துக் கிடக்கு! இதுதான் நீ பாத்த பார்வையோ?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பண்டியும் இல்லை, ஒண்டும் இல்லை! நேற்றும் சுத்திப் பாத்தனான்."

"நீ வரம்பிலை நிண்டு பாத்தனீ. இஞ்சை மேலை ஏறிப் பார்!"

"ஏறுவன்! இறங்குங்கோ!"

வாய் சொல்லிவிட்டது. தம்பி அவரை மெதுவாக வரம்பில் இறக்கினான். வயலுக்கு வரும்போது சட்டைக்குக் கீழே அவருடைய பழைய களிசானைத்தான் நான் போடுவது. தம்பி கையைக் கோத்துக் கொடுக்க, காலை வைத்து ஏறினேன். அம்மாளாச்சி! கீழேயிருந்து பார்க்கும்போது குதிரை இவ்வளவு உயரமில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பட்டியைப் பிடித்தேன். இத்தனை நாள் இவரைப் பகிடி பண்ணிய நானும் "சரி... ஐயோ... சரி..." என்றேன்.

"கண்ணைத் திற!" என்றார் இவர்.

ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். நடு வயலில், பயிர் சரிந்து, வட்டமாக ஒரு பள்ளம். பன்றிதான். வரம்பைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் என் உயரத்துக்கு அது எந்த நாளும் தெரிந்திருக்காது. "அறுவார் வந்து படுத்திருக்கினம்!" என்று பன்றிகளைத் திட்டினேன்.

குனிந்து பார்த்தால், இவர் வரம்பில் இல்லை. வயலுக்குள் இறங்கி நிற்கிறார்! கயிற்றோடு நின்ற தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலும் சேற்றுக்குள். நெற்கதிர் ஒன்றைப் பிடித்து நெல்லை வாயில் வைத்து நசித்துப் பார்த்தார்.

"பால் நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பசளை காணும், இனிப் போடத் தேவையில்லை. நீ சொன்னது சரி."

இத்தனை போகத்தில் அவர் வாயால் அதைக் கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது, குதிரைமேல் இருந்து அழவும் பயமாக இருந்தது.

"சரி, என்னை இறக்குங்கோ!"

அவர் நல்ல காலை எடுத்து வரம்பில் வைத்தார். வலது கால் வரவில்லை. இழுத்தார், சேறு விடவில்லை. பிறகு வரம்பில் உட்கார்ந்தபடியே, காலோடு கட்டியிருந்த பட்டியைக் கழற்றி, பொய்க்காலை அங்கேயே விட்டுவிட்டுத் தன் காலை மடியில் எடுத்து வைத்தார். நெல்லுக்கு நடுவில் அது தனியே நின்றது. தம்பி அதைப் பிடுங்கக் குனிந்தான்.

"விடடா தயா," என்றார். "எத்தினை வருசத்துக்குப் பிறகு வயலுக்கை நிக்குது. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

"அப்ப என்னை ஆர் இறக்கிறது?" என்று நான் மேலேயிருந்து கத்தினேன்.

"நீயும் கொஞ்சம் இரு, மல்லிகா. வயலை வடிவாப் பார்."

இரண்டு கையாலும் பட்டியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கண்ணையும் திறந்தேன்.